குடிக்க மாட்டார்

—நீ என்ன சொன்னே அவங்ககிட்ட? அதை மட்டும் சொல்லும்மா.

—எத்தனை தடவை சொல்றது? கேட்டாங்க, சொன்னேன்.

—என்ன கேட்டாங்க?

—அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். பிரஷருக்கு மாத்திரை போடுறார்னேன். சிகரெட் எப்பவோ விட்டுட்டார்னேன். குடிப்பாரான்னு கேட்டாங்க.

—ம்.

—குடிக்க மாட்டார்னு சொன்னேன்.

—குடிக்க மாட்டார்.

—ஆமா என்ன. வெள்ளிக்கிழமையிலேர்ந்து விரதத்துல இருக்கார். விரதத்துல இருக்கிற மனுசன் குடிப்பாரா? நீயே சொல்லு.

—அம்மா, இன்னிக்குக் காலையில குடிச்சாரான்னு அவங்க கேக்கல. பழக்கம் உண்டான்னு கேக்குறாங்க.

—அப்படிக் கேட்டிருந்தா அப்படிச் சொல்லியிருப்பேன். அந்தச் சீன நர்ஸ் பொண்ணுக்குத் தமிழ் தெரியாது. அங்க்கிள் ட்ரிங்க், அங்க்கிள் ட்ரிங்க்னு கட்டை விரலை வாய்கிட்ட கொண்டுபோய்க் காட்டுச்சு. நோ ட்ரிங்க், ப்ரேயர்னு சொன்னேன். தலையாட்டிட்டு எழுதிக்கிச்சு.

—என்ன எழுதுச்சு தெரியுமா? மது, இல்லை. அவ்வளவுதான். முப்பது வருசக் குடியை ரெண்டு வார்த்தையில துடைச்சு எடுத்துட்டே.

—மெதுவாப் பேசு தாரணி. நாலு பேரு உட்கார்ந்திருக்காங்க.

—அவங்களுக்கும் தமிழ் தெரியாது.

—அந்தக் கடைசி ஆளு நம்ம ஆளு மாதிரி இருக்கார். திரும்பிப் பார்க்குறார்.

—பார்க்கட்டும்.

—அந்த டிவியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன். காதுல வந்து குத்துது.

—டிவிக்குச் சத்தமே இல்லைம்மா. எழுத்து மட்டும்தான் ஓடுது.

—இல்லையா? என்னமோ கேக்குது எனக்கு.

—நீ சாப்பிடல. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. கீழே போய் ஒரு மைலோவாவது வாங்கிட்டு வரேன்.

—வேணாம். குமட்டுது. நீ இங்கேயே இரு.

—அண்ணாதுரை குடும்பம் யாரு? நீங்களா மா?

—நாங்கதான். நான் மகள், தாரணி. இவங்க அம்மா, பூவம்மா. எப்படி இருக்கார்?

—என் பேரு அமீரா. இங்க நர்ஸா இருக்கேன். டாக்டருக்குத் தமிழ் வராது, அதான் என்னைப் பேசச் சொன்னார். உட்காருங்க மா, எழுந்திரிக்க வேணாம். தலையில ஸ்கேன் எடுத்தாச்சு. ரத்தக்கசிவு இல்ல. ஆனா உடம்பு கொதிக்குது, நாடி நூத்தி முப்பதுல ஓடுது, சட்டை பிழிஞ்சா தண்ணி வர்ற அளவுக்கு வேர்த்துக் கொட்டுது. கை நடுக்கம் நிக்கல. சுவத்துல என்னமோ இருக்குன்னு தட்டி விட்டுக்கிட்டே இருக்கார்.

—எறும்பு.

—ஆமா மா, எறும்புன்னுதான் சொல்றார். உங்ககிட்டயும் சொன்னாரா?

—நேத்து சாயந்திரமே சொன்னார் மிஸி. வெள்ளை எறும்பு வரிசையாப் போகுதுன்னார்.

—மூளையில கிருமி போயிருக்கலாம்னு டாக்டர் யோசிக்கிறார். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும், கையெழுத்து வேணும்னு சொல்றார். நான்தான் ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க டாக்டர், வீட்டு ஆளுங்ககிட்ட இன்னொரு தடவை பேசிட்டு வரேன்னு வந்தேன். ஏன்னா இந்த மாதிரி நடுக்கம் நான் நிறையப் பார்த்திருக்கேன்.

—அது நடுக்கம் இல்ல மிஸி.

—அம்மா.

—நீ சும்மா இரு. மிஸி கேக்குறாங்கல்ல. அது அருள். முருகன் அருள்.

—என்ன நடந்துச்சு மா? காலையிலேர்ந்து சொல்லுங்க.

—ஞாயித்துக்கிழமை பூசை. காவடிக் குழு ஆளுங்க முறை வச்சு ஒவ்வொரு வீட்ல செய்வாங்க, இன்னிக்கு எங்க வீட்டு முறை. தோ பாயோவுல எட்டாவது மாடி. சிதம்பரம் அண்ணன் வந்தாரு, அவருதான் குழுத் தலைவரு. பதினஞ்சு பேரு இருக்கும். வேல் வச்சு, பால் வச்சு, பாட ஆரம்பிச்சதும் இவருக்குக் கை ஆடுச்சு. அப்புறம் தோள் ஆடுச்சு. முகமெல்லாம் வேர்வை. சிதம்பரம் அண்ணன் பார்த்தாரு, வந்துட்டான்டா முருகன்னாரு. உறுமியை வேகமா அடிக்கச் சொன்னாரு. இருபத்தேழு வருசமா இந்தக் குழுவுல இவருக்குப் பால்குடம் தூக்கத்தான் குடுத்திருக்காங்க மிஸி. அருளே வராத ஆளுன்னு பின்னால சிரிப்பாங்க. இன்னிக்கு எல்லாரும் கால்ல விழுந்தாங்க.

—விழுந்து குறி கேட்டாங்க. அதையும் சொல்லு.

—கேட்டாங்க. அதுல என்ன?

—நான் சொல்றேன் சிஸ்டர். ஒரு அக்கா, பையனுக்கு அரசாங்கத்து பி.டி.ஓ. வீடு எப்ப கிடைக்கும்னு எங்கப்பாகிட்ட கேட்டிருக்காங்க. எங்கப்பா சுவத்தைக் காட்டி எறும்பு, எறும்புன்னிருக்கார். அதுக்கு சிதம்பரம் மாமா அர்த்தம் சொல்லியிருக்கார். எறும்பு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தா வீடு வரும்னு. அந்த அக்கா கண்ணுல தண்ணி விட்டு, தட்டுல வெத்தலை பாக்கு வச்சுட்டுப் போயிருக்காங்க. நான் ஆங் மோ கியோவுலேர்ந்து பஸ் புடிச்சு வந்து கதவைத் திறக்கிறேன், எங்கப்பா தரையில வெட்டி வெட்டி இழுக்குறார். வாயெல்லாம் ரத்தம், நாக்கைக் கடிச்சிருக்கார். கையில சாவிக்கொத்தைத் திணிச்சு வச்சிருக்காங்க. சுத்தி பதினஞ்சு பேரு கைகூப்பி நிக்கிறாங்க.

—உள்ளங்கையில காயம் இருக்கு. அது சாவிதானா. எவ்வளவு நேரம் இழுத்துச்சு?

—நான் பார்த்தது ரெண்டு நிமிசம். அதுக்கு முன்னால தெரியாது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். சாமி வந்திருக்கிற ஆளை ஸ்ட்ரெச்சர்ல படுக்க வைக்கக் கூடாதுன்னு ஒருத்தர் லிஃப்ட்டை மறிச்சார். நான் அவரைத் தள்ளிவிட்டேன்.

—பெரியவரை, கையைப் புடிச்சுத் தள்ளிட்டா மிஸி. ஊரே பார்த்துச்சு.

—ஊர் இல்லைம்மா. எட்டாவது மாடி.

—தாரணி, நான் நேராக் கேக்குறேன். அப்பா குடிப்பாரா?

—குடிப்பார்.

—தாரணி.

—தினம் குடிப்பார். நான் பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து. ஃபாரத்துல எழுதியிருக்கிறது பொய். எங்கம்மா பொய் சொல்லல, அவங்க இலக்கணத்துல அது உண்மை. விரதத்துல இருக்கிறவர் குடிக்க மாட்டார். போன வியாழக்கிழமை வரைக்கும் குடிச்சவரான்னு யாரும் அவங்களைக் கேக்கல.

—கடைசியா வியாழக்கிழமை?

—வியாழக்கிழமை ராத்திரி. வெள்ளிக்கிழமை காலையில குளிச்சுட்டு சிராங்கூன் ரோட்டுக் கோயில்ல போய் விரதம் எடுத்தார். சரியாம்மா?

—சரி.

—அம்மா, நீங்க சொல்லணும். வியாழக்கிழமை ராத்திரியா?

—ஆமா மிஸி. பத்து மணி இருக்கும். பாட்டிலைக் கழுவி கவுத்து வச்சோம். இனிமே இல்லைன்னு சொன்னார்.

—அப்ப அறுபது மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஓகே. இருங்க, நான் உள்ள போய் அந்த ஊசியை நிறுத்தச் சொல்லிட்டு வந்துடுறேன். இங்கேயே இருங்க, எங்கேயும் போகாதீங்க லா.

—நீ ஏன்டி இப்படிப் போட்டு உடைக்கிறே?

—உடைக்கலைன்னா முதுகுல ஊசி போட்டிருப்பாங்க.

—அவருக்கு வேலை போயிடும். கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி குடிகாரன்னு தெரிஞ்சா கம்பெனியில வச்சுப்பாங்களா? சிதம்பரம் அண்ணன் காதுக்குப் போச்சுன்னா குழுவுலேர்ந்து பேரை எடுத்துடுவாரு. இன்னிக்குத்தான் மனுசன்னு மதிச்சாங்க.

—இன்னிக்கு வலிப்பு வந்த மனுசனைக் கும்பிட்டாங்க. மதிச்சாங்கன்னு சொல்லாதே.

—உனக்கு எதைக் கண்டாலும் கோவம்.

—கோவம்கூட வரலைம்மா. காலையில வந்துச்சு. இப்ப ஒண்ணும் வரல. ஸ்ட்ரெச்சர்ல போகும்போது எங்கப்பா என்னைப் பார்த்தார். சல்யூட் அடிச்சார். குட் மார்னிங் மேடம், கார்டு தட்டுங்க மேடம்னார். நானும் தட்டுற மாதிரிக் கையைக் காட்டினேன். தேங்க் யூ மேடம்னார். அப்பவும் எனக்கு ஒண்ணும் வரல.

—உன்னைத் தெரியலையா அவருக்கு?

—தெரியல.

—உனக்காகத்தானே எடுத்தார் அந்த விரதத்தை.

—எனக்காகவா?

—நீ போட்டியே ஒரு மெசேஜ். பிப்ரவரியில பதிவுத் திருமணம், ஒண்ணு பாட்டில் வரும், இல்ல நீங்க வருவீங்க, ரெண்டும் சேர்ந்து வந்தா வாசல்லயே நிறுத்திடுவேன்னு. அவருக்கு எழுத்து சின்னதாத் தெரியுதுன்னு என்னைப் படிக்கச் சொன்னார். நான் சத்தமாப் படிச்சேன். மறுபடி படின்னார். படிச்சேன்.

—நான் சொன்னதுல என்ன தப்பு?

—தப்புன்னு யார் சொன்னா.

—மனசு வச்சா ஒரே நாள்ல விடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் சொன்னேன். அவர் வச்சார். மனசு வச்சு விட்டார். இப்ப உள்ள கட்டிப் போட்டிருக்காங்க.

—கட்டியா போட்டிருக்காங்க?

—கையை மட்டும். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிடுறார்னு.

—கட்டுறது அவருக்குப் புடிக்காது. வேட்டியைக்கூட இறுக்கிக் கட்ட மாட்டார்.

—சரி மா, வந்துட்டேன். டாக்டர் ஊசியை நிறுத்திட்டார். நல்ல வேளை சொன்னீங்கன்னார். இப்ப வேற வழியில போறோம். நான் சொல்றதைக் கேளுங்க, புரியலைன்னா நிறுத்துங்க. இது அருளும் இல்ல, கிருமியும் இல்ல. இத்தனை வருசமா தினம் சாராயம் போன உடம்பு, அது இருக்கும்னு நினைச்சே ஓடப் பழகிடுச்சு. ஒரே நாள்ல எடுத்துட்டா உடம்பு தறிகெட்டு ஓடும். முதல்ல நடுக்கம், வேர்வை, தூக்கம் போயிடும். அப்புறம் வலிப்பு. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுல கேக்கும். சில பேரு இதுலயே போயிடுறாங்க. விட்டது தப்பில்ல மா. விட்ட விதம்தான்.

—அப்ப குடிச்சுக்கிட்டே இருந்தா நல்லா இருந்திருப்பாரா?

—இல்ல மா. அது மெதுவாக் கொல்லும். விடணும், ஆனா டாக்டர்கிட்ட வந்து சொல்லிட்டு விடணும். நாங்க மருந்து குடுத்து, நாளுக்கு நாள் குறைச்சு, அஞ்சாறு நாள்ல இறக்கி விட்டுடுவோம். வைட்டமின் ஊசி போடுவோம். அதுக்கப்புறம் குடிக்காம இருக்கிறதுக்குத் தனியா ஆள் இருக்காங்க, பேசுவாங்க. வீட்ல தனியா, திடுதிப்புன்னு நிறுத்தக் கூடாது. அதுவும் இத்தனை வருசம் குடிச்சவங்க.

—மூணாவது நாள்தான் மோசமா மிஸி?

—ரெண்டு, மூணு, நாலு. அந்தக் கணக்குதான்.

—நாலு தாண்டிட்டா?

—தாண்டிட்டா பெரும்பாலும் இறங்கும். ஆனா இங்க இருந்து தாண்டணும். வீட்ல இருந்து இல்ல.

—எல்லாருக்கும் இப்படி வலிப்பு வருமா? சில பேருக்கு நடுக்கத்தோட நின்னுடுமா?

—நின்னுடும் சில பேருக்கு. யாருக்கு நிக்கும், யாருக்கு நிக்காதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது மா.

—நீங்க முஸ்லிம் பொண்ணு மிஸி. உங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

—அம்மா, என்ன பேசுறே.

—பரவாயில்ல லா தாரணி. எங்க வீட்ல தொட மாட்டாங்க மா. அதனால எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் எல்லாரையும் கேக்குறேன். கேட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

—கம்பெனிக்குச் சொல்வீங்களா?

—சொல்ல மாட்டோம். லீவுக்கு எம்.சி. குடுப்போம், அதுல காரணம் இருக்காது. அந்தச் சிதம்பரம் அண்ணன் ஃபோன் பண்ணாலும் சொல்ல மாட்டோம்.

—ரெண்டு தடவை பண்ணிட்டார். அருள் இறங்கிடுச்சான்னு கேட்டார். இறக்கிக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன்.

—தாரணி, உனக்கு வாய் அதிகம்.

—அந்த வாய்தான் முதுகைக் காப்பாத்துச்சு.

—இப்ப முக்கியமான கேள்வி. டாக்டர் உள்ள மருந்தோட நிக்கிறார். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார்? சரியாச் சொல்லணும். குறைச்சுச் சொன்னா மருந்து பத்தாது, மறுபடி வலிப்பு வரும். கூட்டிச் சொன்னா மருந்து கூடிடும், ஈரல் வேற வீங்கியிருக்கு, தூக்கத்துல மூச்சு இறங்கிடும். அதுக்கப்புறம் மணிக்கு ஒரு தடவை பார்த்துக் கூட்டிக் குறைச்சுப்போம். ஆனா முதல் டோஸுக்கு ஒரு நம்பர் வேணும்.

—ஒரு பாட்டில்.

—பெரிய பாட்டிலா? எழுநூறு மில்லியா?

—ஆமா. பிராந்தி. தினம் ஒண்ணு.

—நீங்கதான் ஆங் மோ கியோவுலேர்ந்து வந்தேன்னீங்களே. எப்படித் தெரியும்?

—ரெண்டு வருசமாத் தனியா இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன். வந்ததும் முதல் வேலை, சிங்க்குக்குக் கீழே அரிசிப் பையில காலி பாட்டில் இருக்கும், அதைக் கீழே கொண்டுபோய் ரீசைக்கிள் தொட்டியில போடுறது. அம்மாவுக்கு வெக்கம், அக்கம்பக்கம் பார்ப்பாங்கன்னு. எனக்கு வெக்கம் இல்ல. ஏழு பாட்டில். எப்பவும் ஏழு. நான் படிச்சது புள்ளியியல் சிஸ்டர், எங்க குடும்பத்துல முதல் டிகிரி. ஏழை ஏழால வகுக்க டிகிரி வேணாம். ஒரு நாளைக்கு ஒண்ணு.

—ஓகே. ஒரு பாட்டில். அம்மா, சரிதானே?

—அரை.

—என்ன மா?

—அரை பாட்டில்னு எழுதுங்க மிஸி.

—அம்மா, வேணாம். இப்ப வேணாம். இது கௌரவத்துக்கு நேரம் இல்ல.

—அரைதான் தாரணி.

—நான் தூக்கிட்டுப் போயிருக்கேன். நூறு வாரம். ஏழு ஏழா.

—பாட்டில் ஏழுதான். நான் இல்லைன்னு சொல்லல.

—அப்ப?

—அவர் குடிச்சது அரை.

—சிஸ்டர், எழுதாதீங்க. இவங்க இப்படித்தான். எனக்குப் பத்து வயசுல பள்ளிக்கூடத்துல பெற்றோர் சந்திப்புக்கு இவர் தள்ளாடிக்கிட்டு வந்தார், டீச்சர்கிட்ட கால்ல சுளுக்குன்னு சொன்னாங்க. ஓ லெவல் பரீட்சை ரிசல்ட் அன்னிக்கு வாசல்ல விழுந்து கிடந்தார், வெயில் ஒத்துக்கலைன்னு சொன்னாங்க. என் பட்டமளிப்புக்கு வரல, டபுள் ஷிஃப்ட்னு சொன்னாங்க. இப்ப அரைன்னு சொல்றாங்க.

—அதெல்லாம் பொய்தான். இது பொய் இல்ல.

—அம்மா, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. அரைக்கும் ஒண்ணுக்கும் மருந்துல பெரிய வித்தியாசம். உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரர் உயிர். நான் யாரையும் குறை சொல்ல வரல.

—தெரியும் மிஸி. அதான் சொல்றேன். ஒண்ணுன்னு எழுதிட்டா கூடிடும்னீங்க. மூச்சு இறங்கிடும்னீங்க.

—அப்ப மீதி அரை? யாராவது வந்து கூட உட்கார்ந்து குடிப்பாங்களா?

—யாரும் வர மாட்டாங்க.

—கொட்டுனியா? சிங்க்குல கொட்டுனியா?

—ஆரம்பத்துல கொட்டினேன். நீ வீட்டை விட்டுப் போன புதுசுல. அளவு குறைஞ்சிருக்குன்னு கண்டுபுடிச்சு, மறுபடி கீழே இறங்கி வாங்கப் போனார். ரோட்டைக் கடக்கும்போது டாக்ஸிக்காரன் பிரேக் போட்டதால தப்பிச்சார். அப்புறம் தண்ணி கலந்து பார்த்தேன். ஒரு வாய்ல தெரிஞ்சு போச்சு. துப்பினார். அடிக்கல, அவர் அடிக்கிற ஆள் இல்ல. ஆனா அழுதார்.

—அதை ஏன் என்கிட்ட சொல்லல?

—நீ ஃபோன் எடுத்தா அப்பா குடிச்சிருக்காரான்னுதான் கேப்பே. இல்லைன்னா வைப்பே, ஆமான்னாலும் வைப்பே. நடுவுல நான் என்னத்தைச் சொல்றது.

—அம்மா, டாக்டர் கேக்குறார், கதவைத் திறந்து பார்க்குறார். எனக்கு ஒரு நம்பர் வேணும். மீதி அரை எங்க போச்சு?

—அவருக்கு பாட்டில் காலியானாத்தான் தூக்கம் வரும் மிஸி. பாதி இருந்தா எழுந்து எழுந்து வந்து பார்ப்பார். அது காலியாகிற வரைக்கும் குடிச்சா செத்துடுவார்னு அந்த வருசம் டாக்டர் ஈரல் படத்தைக் காட்டிச் சொன்னாரு. கொட்டவும் முடியாது. கலக்கவும் முடியாது. அதனால எதிர்ல உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்கன்னேன். விளையாட்டுன்னு நினைச்சு ஊத்தினார். நான் எவ்வளவு குடிக்கிறேனோ அவ்வளவு அவருக்குக் குறையும்.

—அம்மா.

—முதல்ல ரெண்டு மடக்குதான். வாந்தி எடுத்தேன். அப்புறம் பழகிடுச்சு. சரி பாதின்னு ஆயிடுச்சு. அப்புறம் அவர் வேலைக்குப் போன பிறகும் எனக்கு...

—நீ குடிச்சியா?

—அவருக்கு அரைன்னு எழுதுங்க மிஸி. மீதி அரை நான். அவர் விரதம் எடுத்தப்ப நானும்தான் விட்டேன், வியாழக்கிழமை ராத்திரியோட.